ஏசி வெளியே போய்விடும்

1

இந்தக் கதை எனக்கு ஓர் இருமலிலிருந்து கிடைத்தது. என் இருமல் அல்ல, வேம்புவின் இருமல். 1996-இல் கூத்தாநல்லூரில் அப்துல் மஜீது பாய் திறந்த ஏசி ஜெராக்ஸ் கடையில் என் கதையொன்றை நகலெடுக்கக் கொடுத்துவிட்டு நின்றேன். மெஷினில் நின்ற அந்த வேம்பு என்ற பெண் பக்கத்துக்குப் பக்கம் இருமினாள். என் எழுத்தைப் பற்றிய விமர்சனம் என்றே முதலில் நினைத்தேன்.

ஆரம்பத்தை இப்படி எழுதினேன்: 'தாராளமயத்தின் தென்றல் காவிரிப் படுகையின் கதவுகளை மெல்லத்...'

அடித்துவிட்டேன். அந்தக் கடையில் தென்றல் நுழைய வழியில்லை. அதுதான் கதையே.

2

மஜீது பாய் சபுராளி.* சவூதியில், தமாமில், தன் முதலாளியின் ஆபீஸ் எப்படி இருந்ததோ அப்படியே கடையைக் கட்டினார். கண்ணாடிக் கதவு, பசை போட்டு ஒட்டிய சிவப்புக் கார்ப்பெட், ஒரே ஜன்னல், அதையும் சுற்றி டேப். போதாததற்கு ரோஜா வாசனை ஸ்ப்ரே. பாஸ்போர்ட் நகலெடுக்க வருகிறவர்கள் மூச்சை இழுத்து "ஃபாரின் வாசம்" என்பார்கள். விசா கிடைக்காதவர்கள் இன்னும் ஆழமாக இழுப்பார்கள்.

(இங்கே ஒரு கட்டுரை இருந்தது. ஜெராக்ஸ் மெஷின் ஓசோன் விடும், மைத்தூள் பறக்கும், பசையும் ஸ்ப்ரேயும் தம் பங்குக்குச் சேரும், மூடிய அறைக்குள் எல்லாம் அங்கேயே சுற்றும் என்று. வாசகர் கொட்டாவி விடுவார் என்பதால் நீக்கிவிட்டேன். அந்தக் கடைக்குள் கொட்டாவி விடுவது நல்லதல்ல.)

கட்டுரையைப் பாயிடம் வாயால் சொன்னேன்.

"ஓசோனா? மேல அதுல ஓட்டை விழுந்துடிச்சின்னு பேப்பர்ல போடுறான். நம்ம கடையில தயாராவுதுன்னா நல்லதுதானே சார்?"

"அந்தப் பொண்ணு இருமுதே பாய். ஜன்னலையாவது தொறங்க."

"தொறந்தா ஏசி வெளிய போயிடும். எதிர்த்தாப்புல ரைஸ்மில்லு வேற. அந்த உமிப்புகைதான் அந்தப் புள்ளைக்கு ஒத்துக்கல."

சொல்லிவிட்டு, இரக்கப்பட்டு, உள்ளே போய் இன்னொரு தடவை ரோஜா அடித்தார்.

* சபுராளி: கடல் கடந்து சம்பாதித்துத் திரும்பியவர். ஊரில் எதையும் திருத்தியமைக்க உரிமை உள்ளவர்.

3

இந்த இடத்தில் வேம்புவை மயங்கி விழவைக்கத் திட்டம். 'அவள் மெஷின்மேல் சாய்ந்தாள். அந்தப் பச்சை வெளிச்சம் அவள் முகத்தில்...' வரைக்கும் எழுதி அவளிடமே படித்துக் காட்டினேன்.

"நான் விழமாட்டேன் சார்."

"கதைக்குத்தாம்மா."

"கதையில விழுந்தாலும் பாய் வேற ஆளப் போட்டுடுவாரு. எங்கம்மா நடவு வயல்ல நின்னுக்கிட்டு, எம்மவ ஏசியில வேலை பாக்குறான்னு ஊரக் கூட்டி வச்சிருக்கு. பொண்ணு கேட்டு வந்தவங்களும் அதக் கேட்டுத்தான் வந்தாங்க. இந்த வேலை போனா நானும் அதே சேத்துலதான்."

"அப்ப என்னதான் எழுதச் சொல்றே?"

இருமி முடித்துச் சொன்னாள்: "வேலையும் இருக்கணும், காத்தும் வரணும். அந்த மாதிரி எழுத வருமா உங்களுக்கு?"

எத்தனையோ பத்திரிகை ஆசிரியர்களைப் பார்த்துவிட்டேன். இவ்வளவு கறாராக யாரும் கேட்டதில்லை.

4

முடிவு அ: உள்ளே உட்கார்ந்திருந்த பாய்க்கே மூச்சு முட்டி மனம் மாறுகிறார். நடக்காது. அவர் உட்காருவது வாசல் நிழலில். ஏசி அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

முடிவு ஆ: கரண்ட் போகிறது, ஜன்னல் திறக்கிறது. எங்கள் பக்கத்தில் நம்பத்தகுந்த பாத்திரம் மின்வெட்டு ஒன்றுதான். ஆனால் கரண்ட் திரும்பி வந்துவிடும்.

முடிவு இ: நீளமானது, உருக்கமானது. பத்திரிகைக்கு அனுப்புமுன் அதை நகலெடுக்க வேம்புவிடம்தான் நீட்டவேண்டும், பக்கத்துக்கு ஓர் இருமல். கிழித்துவிட்டேன். கதை குட்டையாக இருப்பதற்குக் காரணம் கலைநயம் அல்ல.

ஆகவே முடிவு உங்கள் கையில். உருவகமாகச் சொல்லவில்லை. அந்தக் கடைக்குப் போனால், உள்ளே நுழையும்போது கண்ணாடிக் கதவைச் சாத்த மறந்துவிடுங்கள். நான் ஒவ்வொரு முறையும் மறக்கிறேன். ஏசி வெளியே போகுது என்று பாய் கத்துவார். திட்டு உங்களுக்கு விழும், வேலை அவளுக்கு இருக்கும்.