கோடரிக்கு ஒதுங்கிய மேகம்

கோர்தோபா மலைக்குக் கிழக்கே, ஆற்றோர மணல்திட்டில்தான் தெல்பினாவின் ஆட்டுப்பட்டி. இரண்டு வருட வறட்சி தின்றது போக மிஞ்சிய ஆடுகளும், இப்போதுதான் ஈன்ற குட்டிகளும் அதற்குள் அடைந்து கிடந்தன. அவற்றை விட்டால் அந்தக் குடும்பத்துக்கு வேறு கதியில்லை.

காலையிலிருந்தே வடக்கத்தி ஈரக்காற்று. அது மலையில் முட்டி மேலேறப் பார்த்தது. உயரத்தில் தேங்கிய சூடான காற்று பானை மூடி மாதிரி அதை அமுக்கியது. மத்தியானம்வரை இந்த இழுபறி. பிறகு மூடி தெறித்தது. மலைமேல் இன்னும் நாலு மலையை அடுக்கியதுபோல மேகம் கொதித்து எழுந்தது. தெல்பினா கைவேலையைப் போட்டுவிட்டு நின்றாள். பயமாக இருந்தது, அதைவிட அழகாக இருந்தது. மனிதன் கட்டிய எதற்கும் இந்த மிடுக்கு கிடையாது என்பது அவள் கட்சி.

கொழுந்தன் ரொசெந்தோவுக்கு இந்த அழகெல்லாம் ஏறாது. மந்திரம் போட்டு இடிமேகத்தை வெட்டி விலக்குவதில் ஊரிலேயே அவன்தான் கெட்டிக்காரன் என்று பெயர். மேகத்துக்குக் காது கிடையாது என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. கோடரியை ஓங்கி வீசி, மேகம் நின்ற திசையைப் பார்த்துத் தரையில் பாய்ச்சினான். பக்கத்தில் உப்பால் சிலுவை போட்டு, என்னவோ முணுமுணுத்தான்.

"கோழிமுட்டை சைஸ்ல ஆலங்கட்டி வரப்போகுது. உன் உப்பு தாங்குமா?"

"சும்மா பாருங்க அண்ணி."

பார்த்தாள். மேகம் நிஜமாகவே இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி தெற்கே நகர்ந்து வெளுத்துக் கலைந்தது. இன்னொரு பாதி வடக்கே ஒதுங்கியது. இங்கே சுள்ளென்று வெயில். ரொசெந்தோ மாத்தே டீயைக் கலந்துகொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்தான்.

ஒதுங்கிய பாதி போய்விடவில்லை என்பதை தெல்பினாதான் கவனித்தாள். ஆறு பிறக்கிற முகட்டின்மேலேயே அது மெல்லச் சுழன்றபடி நின்றது. ஈரக்காற்று மலையேற ஏற, பெய்து ஓய்ந்த இடத்தில் புது மேகம் முளைத்தது. அடிவயிறு பச்சையாக மின்னியது. கண்ணை எடுக்க மனசே வரவில்லை அவளுக்கு. ஆனால் அங்கே கொட்டுவதெல்லாம் இங்கே வந்துதானே ஆகவேண்டும்?

"எழுந்திரு. பட்டியைத் திறக்கணும்."

"வெட்டின மேகத்துக்குப் பயந்து எவனாவது ஓடுவானா? ஊரு சிரிக்கும் அண்ணி."

"சிரிக்கட்டும். குட்டியத் தூக்கு."

முனகிக்கொண்டே தூக்கினான். ஆடுகளைப் பாறைமேட்டுக்கு விரட்டி முடிக்கவும், கற்கள் உருளும் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. செந்தண்ணீர் மரங்களோடு சுவராக வந்தது. திட்டையும் பட்டியையும் ஒரே வாயில் விழுங்கிவிட்டுப் போனது.

ரொசெந்தோ மூச்சு வாங்கினான். "நான் மட்டும் வெட்டலேன்னா, மொத்தமும் நம்ம தலைமேல..."

"ஆமாப்பா. பாதியை மட்டும் ஆத்துவழியா அனுப்பி வெச்சிருக்கே."

அவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த குட்டியையும் இறக்கிவிடவில்லை.

"டீயக் குடிச்சிட்டு, பட்டி நிழல்ல போய்ப் படுக்கலாம்னு இருந்தேன் அண்ணி."