எங்ககிட்ட ஆள் இருக்கு

அரண்மனை வாசலில் இருந்த கல் மேடையில் அவள் இன்னும் சரியாக உட்காரக்கூட இல்லை, மடியில் பைகள் வந்து விழ ஆரம்பித்தன.

"அண்ணி, இதக் கொஞ்சம்." கொழுந்தன் தோள்பையைக் கழற்றிப் போட்டான்.

"அக்கா, இதுல பாப்பாவோட பால் பாட்டில் இருக்கு. சாய்ச்சுடாதீங்க." அது கொழுந்தன் மனைவி.

"அம்மா, இத வச்சுக்கோ." அவள் பெற்ற மகள், முகத்தைக்கூடப் பார்க்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டுச் சித்தப்பாவின் பின்னால் ஓடினாள்.

உள்ளே மரத்தரை என்பதால் செருப்பு போடக் கூடாது, பையும் கொண்டுபோகக் கூடாது. மாமியார் செருப்புகளைக் கழற்றி, காலாலேயே மருமகளின் பக்கம் தள்ளிவிட்டார். கடைசியாகக் கணவன். அவன் எப்போதும் கடைசிதான். அவன் முகத்தில் மட்டும் கொஞ்சம் சங்கடம் இருக்கும்.

"வெயில் படாம உக்காரு. அம்மாவுக்கு ஒரு எட்டு காட்டிட்டு வந்துடுறேன். அப்புறம் நீ போ."

"வேன்ல என்ன சொன்னீங்க? அரண்மனையில நான்தான் முதல்லன்னு சொன்னேன். கண்டிப்பான்னு தலைய ஆட்டுனீங்க."

"ஆட்டுனேன்தான். ஆனா அம்மாவுக்கு இப்பவே மூட்டு வலி ஆரம்பிச்சுடுச்சு. இன்னும் நேரமானா நடக்க மாட்டாங்க. புரிஞ்சுக்கோ."

"என் டிக்கெட்?"

"உனக்கு அப்புறமா எடுத்துக்கலாம்னு..." மீதியை அவன் முடிக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, படி பார்த்து, பதமாக உள்ளே அழைத்துப்போனான். அந்தக் கை எவ்வளவு அன்பான கை என்று அவளுக்குத் தெரியும். அதுதான் எரிச்சலை இன்னும் கூட்டியது.

'அப்புறம் நீ போ' என்பது அன்றைக்கு மட்டும் மூன்றாவது முறை. காலையில் கோயிலிலும் இதையேதான் சொன்னான். எல்லோரும் தரிசனம் முடித்து வருவதற்குள் நடை சாத்திவிட்டார்கள். அவள் தரிசித்ததெல்லாம் குடும்பத்தின் செருப்புகளைத்தான். மதியம் கோட்டையில், மற்றவர்கள் கொத்தளத்தின் மேல் நின்று விதவிதமாகப் படம் எடுத்துக்கொண்டு இறங்கியபோது எல்லோருக்கும் பசி. "இந்த வெயில்ல நீ எங்க ஏறப் போற?" என்று கேட்டு அவனே பதிலையும் முடிவு செய்துவிட்டான். அவள் கண்ட கோட்டை, டிக்கெட் கவுண்ட்டரின் பின்பக்கச் சுவர்.

இந்தப் பதவி அவளுக்கு எப்படி வந்தது என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. கல்யாணமான புதிதில் குடும்பமாகப் போன முதல் சுற்றுலாவில் அவளுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. "நான் இங்கயே உக்காந்து சாமானப் பாத்துக்கறேன், நீங்க எல்லாம் போயிட்டு வாங்க" என்று நல்ல மருமகளாகச் சொன்னாள். சுளுக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. உட்கார வைத்தது மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது. அடுத்த பயணத்தில் யாரும் கேட்கக்கூட இல்லை, பைகளைத் தந்துவிட்டுப் போனார்கள். கொழுந்தன் அவளுக்கு 'லாக்கர்' என்று பெயரே வைத்துவிட்டான். "நம்ம லாக்கர் அண்ணி இருக்கையில பூட்டு எதுக்கு, சாவி எதுக்கு?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும்தான் சிரித்திருக்கிறாள், முதல் இரண்டு வருடம்.

கோயிலும் கோட்டையும் போனால் போகட்டும். இந்த அரண்மனை அப்படி இல்லை.

அவள் வேலை பார்ப்பது கட்டட வரைபட அலுவலகத்தில். பழுதுபட்டுக் கிடந்த இந்த அரண்மனையைச் சீரமைக்கும் வேலை அவர்கள் அலுவலகத்துக்குத்தான் வந்தது. அளவெடுக்க ஒரு குழு புறப்பட்டபோது அவளையும் கூப்பிட்டார்கள். வீட்டில் வந்து சொன்னாள். "நாலு நாள் அங்க எதுக்கு நீ? லீவு வரட்டும், நானே கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்" என்றான் கணவன். சொன்ன விதத்தில் அவளும் கொஞ்சம் மயங்கித்தான் போனாள். குழு கொண்டுவந்த அளவுகளையும் புகைப்படங்களையும் வைத்துக்கொண்டு, கணினியின் முன்னால் மாதக்கணக்கில் உட்கார்ந்து, இந்த அரண்மனையை அறை அறையாக வரைந்தாள். நடுவில் ஒரு சுருள் படிக்கட்டு உண்டு. தூண் எதுவும் தாங்காமல், சுவரோடு ஒட்டிக்கொண்டே சுழன்று மேல்தளத்துக்குப் போகும். அந்த ஒரு படிக்கட்டை வரைந்து முடிப்பதற்குள் அவளுக்குக் கழுத்து வலியே வந்துவிட்டது. ஒரு முறையாவது அதில் ஏற வேண்டும் என்று அப்போதிருந்தே ஆசை.

நுழைவாயிலில் பலகை வைத்திருந்தார்கள். படிக்கட்டும் மேல்தளமும் இன்று மாலை மணி அடிக்கும் வரைதான். திங்கட்கிழமை சீரமைப்பு வேலை தொடங்குகிறது, முடிய வருடக்கணக்காகும். இது அவளுக்கு முன்பே தெரியும். அவள் சொல்லி அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் 'அப்புறம் நீ போ' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

நிழல் மேடையை விட்டு நகர்ந்தது. போனவர்கள் வரவில்லை. பால் பாட்டில் இருந்த பை ஒரு பக்கம் சரிய, அதை நிமிர்த்தி வைக்கத் திரும்பியபோதுதான் மேடைக்குப் பின்னால், சுவர் ஓரமாக அந்த அறை கண்ணில் பட்டது. வாசலில் ஒரு பெண், நாற்காலியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே பலகை: 'பொருட்கள் வைக்கும் அறை. கட்டணம் இல்லை.'

அவள் எழுந்துபோய்ப் படித்துப் பார்த்தாள். சந்தேகம் தீராமல் இன்னொரு தடவையும் படித்தாள்.

"ஏங்க, இங்க யாரு வேணாலும் பை வைக்கலாமா?"

"செருப்பும் வைக்கலாம். டோக்கன் தருவேன். அதக் கொண்டுவந்தாதான் சாமான் திரும்பக் கிடைக்கும்." அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க அந்த வேன்ல வந்தவங்கதானே? இறங்குனப்பவே உங்ககூட வந்த சார்கிட்ட சொன்னேனே, இங்க வச்சுட்டுப் போங்கன்னு."

"அவர் என்ன சொன்னாரு?"

"வேண்டாங்க, வரிசையில நிக்க நேரமில்ல, எங்ககிட்ட ஆள் இருக்குன்னாரு. நான்கூட நீங்க வீட்டு வேலைக்கு..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா."

"இல்ல. நீங்க சரியாத்தான் நெனச்சிருக்கீங்க."

உச்சந்தலை வரை சூடேறியது அவளுக்கு. மனைவி என்று சொல்லவில்லை. ஆள். ஆள் இருக்கிறார்கள் என்றுகூட இல்லை, குடை இருக்கு, தண்ணி இருக்கு என்பதுபோல ஆள் இருக்கு.

பைகள், பாட்டில், ஜோடி ஜோடியாகச் செருப்புகள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டுவந்து அந்தப் பெண்ணின் மேசையில் குவித்தாள். தன் செருப்பையும் கழற்றி அதன் மேல் வைத்தாள். டோக்கன் ஒரு பித்தளை வில்லை. கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு போய் தனக்கு ஒரே ஒரு டிக்கெட் வாங்கினாள்.

படிக்கட்டைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வலது பக்கக் கூடம், அதைத் தாண்டினால் குறுகிய நடை, அதன் கோடியில் இருக்கும். இருந்தது. மேலே இருந்து வெளிச்சம் சுழன்று சுழன்று இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவும் அவள் கைக்குத் தெரியும், கண்ணுக்குத்தான் புதிது. கைப்பிடிக் கல்லைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. புகைப்படத்தில் அது தெரிந்ததில்லை.

நாலைந்து படி ஏறியிருப்பாள். கீழே தடதடவென்று காலடிச் சத்தம்.

"இங்கயா இருக்க? பை எங்க?"

அவள் திரும்பினாள். கணவன் மூச்சிரைக்க நின்றான். முற்றத்துக் கல்லின் சூட்டில் வந்தவன், பாதங்களை மாற்றி மாற்றித் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன கேட்டீங்க?"

"பை, செருப்பு எல்லாம் எங்க? வெளியில வந்து பாத்தா மேடையில ஒண்ணுமே இல்ல. அம்மா பதறிப் போயிட்டாங்க."

"எதுக்குப் பதறுனாங்க? நான் காணோம்னா, பை காணோம்னா?"

"இப்ப எதுக்கு இந்தக் கேள்வி? மாத்திரை டப்பா அந்தப் பையிலதானே இருக்கு!"

"ராத்திரிக்குப் போடற மாத்திரைக்கு இப்ப என்ன அவசரம்? பை பத்திரமா இருக்கு. பின்னாடி ஒரு ரூம் இருக்கு, உங்களுக்குத் தெரியுமே. அங்க இருக்கு. டோக்கன் என்கிட்ட இருக்கு."

அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. "சரி, டோக்கனக் குடு."

"குடுக்க மாட்டேன்."

"விளையாடாத. எல்லாரும் வெறுங்கால்ல நிக்கறாங்க. தரை நெருப்பா கொதிக்குது."

"நிக்கட்டும். காலையிலேர்ந்து நான் உக்காந்திருந்தேன்ல? அவங்க கொஞ்சம் நிக்கட்டும்."

"மெதுவா பேசு, நாலு பேர் பாக்கறாங்க."

"பாக்கட்டுமே! நானும் பாக்கத்தான் வந்தேன்!" அந்தக் குரல் சுருள் சுவரில் ஏறி, மேலே போய்த் திரும்பி வந்தது. தன் குரல் இவ்வளவு பெரியது என்று அவளுக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது. "கோயில்ல அப்புறம் நீ போன்னீங்க. கோட்டையில அப்புறம் நீ போன்னீங்க. அந்த அப்புறம் எப்பங்க வரும்? நீங்க கூட்டிட்டுப் போறேன்னு சொன்னதாலதானே ஆபீஸ் ஆளுங்களோட நான் வரல? இந்தப் படிய வரைஞ்சவ நான். எனக்கு டிக்கெட்டே எடுக்காம வந்திருக்கீங்க!"

"அம்மாவுக்கு வயசாயிடுச்சு, அதனாலதான்..."

"அத்தைய இழுக்காதீங்க. அத்தையா அந்தப் பொம்பளகிட்ட எங்ககிட்ட ஆள் இருக்குன்னு சொன்னாங்க? ஆளா நான்?"

அவன் பாதத்தைத் தேய்ப்பதை நிறுத்தினான். மறுத்திருந்தால்கூடப் பரவாயில்லை.

காவலாளி எட்டிப் பார்த்தார். "சண்டைய வெளியில வச்சுக்கங்க. இப்ப மணி அடிச்சுடுவேன். மேல போறவங்க சீக்கிரம் போயிட்டு வாங்க."

"நானும் வரேன்" என்றான் கணவன், சட்டென்று குழைந்த குரலில். "வா, கையக் குடு."

எத்தனை நாள் காத்திருந்த வார்த்தை! இப்போது கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. "ஒண்ணும் வேண்டாம். நான் தனியா பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஏறினாள்.

ஏறும்போது அழுகை வந்தது. கோபத்தில் வரும் அழுகை. புறங்கையால் துடைத்துக்கொண்டாள், இத்தனை பாடுபட்டு வந்து கண் மங்கலாகப் பார்ப்பதா? வளைவுக்கு வளைவு நின்று பார்த்தாள். கடைசி வளைவில் முகத்தில் காற்று அடித்தது.

அங்கே காற்று வரக் கூடாது. அங்கே இருப்பது சுவரில் குடைந்த ஒரு விளக்கு மாடம். எல்லாப் புகைப்படங்களிலும் கறுப்பாகத் தெரிந்த சிறிய குழி. மாடம் என்றே வரைந்திருந்தாள். விரிசல் விட்ட மாடம், செங்கல் வைத்து அடைக்கவும் என்று பொறியாளர் சொல்ல, அதையும் வரைபடத்தில் குறித்திருந்தாள். கிட்டே போய்க் கையை விட்டாள். உள்ளே கரி படிந்த ஒரு மரப்பலகை. தள்ளினாள். பலகை முனகிக்கொண்டு திறந்தது, வெளிச்சம் உள்ளே கொட்டியது. மாடம் இல்லை, ஜன்னல்! படி ஏறுகிறவர்களுக்கு வெளிச்சமும் காற்றும் வர யாரோ யோசித்து வைத்த ஜன்னல். அதைத்தான் திங்கட்கிழமை கொத்தனார்கள் அவள் வரைபடத்தைப் பார்த்து அடைக்கப் போகிறார்கள்.

அளவெடுக்க வந்த அன்று அவளும் வந்திருந்தால், ஒரு தடவை கைவிட்டுப் பார்த்திருப்பாள். அவ்வளவுதான் வேலை.

ஜன்னல் வழியே முற்றம் தெரிந்தது. கொழுந்தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிழலுக்கு நிழல் தாவிக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஒற்றைக் காலில் நின்றாள். மாமியார், அவள் உட்கார்ந்திருந்த அதே மேடையில் உட்கார்ந்து எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அலுவலக மேலாளருக்குப் போன் செய்தாள்.

"சார், திங்கக்கிழமை படிக்கட்டுப் பக்கம் யாரும் கை வைக்க வேண்டாம். அது மாடமில்ல, ஜன்னல். நான் தப்பா வரைஞ்சிருக்கேன். நானே வந்து அளவெடுக்கணும். ஆமா சார், நானேதான். வீட்ல கேக்க வேண்டியதில்ல."

மணி அடித்தது. பலகையை மூடாமல், மேல்தளத்துக் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகே இறங்கினாள். கணவன் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்திருந்தான்.

"தப்புதான்" என்றான். "ஏதோ வாய்ல வந்துடுச்சு, வேணும்னு சொல்லல."

"அதுதாங்க எனக்கும் கோபம். யோசிக்காமலே வந்துடுச்சு பாருங்க." டோக்கனை அவன் கையில் வைத்தாள். "திங்கக்கிழமை ஆபீஸ் ஆளுங்களோட மறுபடி வரேன். நாலு நாளாகும். நம்ம பொண்ணுக்குத் தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பறது, அத்தைக்கு மாத்திரை, எல்லாம் நீங்கதான் பாக்கணும்."

"சரி."

"அடுத்த லீவுலன்னு சொல்ல மாட்டீங்களே?"

"சரின்னுதானே சொல்றேன்."

வெளியே பொருள் அறை வாசலில் குடும்பமே கூடி நின்றது. கணவன் டோக்கனை நீட்ட, அந்தப் பெண் சாமான்களை எடுத்து மேசையில் வைத்தாள். அவளைப் பார்த்ததும் கொழுந்தன் கையைத் தட்டினான். "வாங்க வாங்க! நம்ம லாக்கருக்கே கால் முளைச்சுடுச்சுப்பா!"

வழக்கம்போல அவன் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள்.

"டேய்" என்றான் கணவன். "இனிமே அவள அப்படிக் கூப்பிடாத. எத்தனை வருஷமா அது அவளுக்குக் குத்துது தெரியுமா?"

சிரிப்பு பாதியில் நின்றது. கொழுந்தன் தலை குனிந்தான். கணவன் அவளைப் பார்த்தான், ஏதோ பரிசைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவன் மாதிரி.

அவளுக்கு ஒரு நொடி மனசு இளகத்தான் செய்தது. அடுத்த நொடியே அவன் சொன்னது உறைத்தது. எத்தனை வருஷமா. அப்படியென்றால் அவனுக்குத் தெரியும். எல்லோரும் சிரித்தபோதெல்லாம், அவளும் கூடச் சேர்ந்து சிரித்தபோதெல்லாம், குத்துவது தெரிந்தே அவன் பக்கத்தில் நின்றிருக்கிறான்.

தன் செருப்பை மட்டும் எடுத்து மாட்டிக்கொண்டாள். மேசையில் குவிந்திருந்த பைகளில் எதையும் தொடவில்லை. விறுவிறுவென்று வேனை நோக்கி நடந்தாள். ராத்திரி வீடு போனதும் அவனிடம் கேட்க வேண்டியது இன்னும் நிறைய இருந்தது.