கூச்சமுள்ள தெரு

எங்கள் தெரு முதன்முதலாகச் சிரித்தது ஒரு புதன்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு. அன்று பதினேழு தட்டுகளும் ஒரு கண்ணாடிக் குடுவையும் உடைந்தன. அப்போது தார் போட்டு ஏழு வருடமாகியிருந்தது. மழைக்கும் லாரிக்கும் அசைந்து கொடுக்காத தெரு. அது மருந்துக்கடை முனையில் ஆரம்பித்து, வயிறு குலுங்கச் சிரிப்பவரைப் போலத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் குலுங்கி, ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. ஜன்னலைத் திறந்து பார்த்தவர்கள் எல்லாரும் கண்டது ஒன்றேதான்: நடுத்தெருவில் சோல்காரி மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள், காலில் வெற்றிலை கனத்தில் ஏதோ ஒன்றை மாட்டிக்கொண்டு.

சோல்காரி என்பது நாங்கள் வைத்த பெயர். தெருக்கோடியில் இருக்கும் ஷூ கம்பெனியில் மாதிரி மேஜையில் பதினோரு வருடம் சோல் வெட்டியவள். புது ஷூ எதுவானாலும் அதன் முதல் ஜோடிக்குச் சோல் வெட்டுவது அவள் கை. அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. முதல் ஜோடியை வெட்டியவரே அதைப் போட்டுக்கொண்டு, கேட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை ஓடித் திரும்பிக் காட்ட வேண்டும். ஓட முடியாதவருக்கு மேஜை கிடையாது. அந்தப் புதன்கிழமைக்கு நாலு வருடம் முன்பு சோல் அழுத்தும் இயந்திரத்தின் அச்சு அவள் வலது பாதத்தில் விழுந்தது. எலும்பு மருத்துவமனையில் கட்டுப் போட்டு, அவிழ்த்து, மறுபடி கட்டி, கடைசியில் இரண்டு அங்குலத் தடிமனில் ஒரு பூட்ஸ் கொடுத்து அனுப்பினார்கள். கம்பெனி அவளை லேஸ் எண்ணும் அறைக்கு மாற்றியது. வெள்ளை லேஸ் நூறு, கறுப்பு லேஸ் நூறு, கட்டு, ரப்பர் வளையம். இப்படி மூன்றரை வருடம். எலும்பு கூடிவிட்டது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த காகிதம் அவள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். நாங்கள் வேண்டுமென்று பார்க்கவில்லை. ஃபிரிட்ஜ் வாசலைப் பார்த்து நிற்கிறது.

தெரு சிரித்த வருடம் கம்பெனிக்கு ஒரு புது யோசனை பிறந்தது. காலில் ஒன்றுமே போடாதது போல இருக்கும் ஓட்ட ஷூ ஒன்று செய்ய வேண்டுமாம். மேஜையை மூன்று மாதம் காலியாக வைத்திருப்பதாகவும், அதற்குள் அவள் மாதிரி வெட்டி ஓடிக் காட்டாவிட்டால் அதில் மேலாளரின் மச்சான் உட்காருவான் என்றும் மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். மச்சானுக்கு சோல் எது, பிஸ்கட் எது என்று தெரியாது என்பது எங்கள் தெருவின் பொதுக் கருத்து. சோல்காரி அன்றைக்கே பூட்ஸைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ரப்பர் தாளை விரித்தாள். சாதாரண ஓட்ட ஷூவின் சோல் முப்பது மில்லிமீட்டர் இருக்கும். அவள் வெட்டியது மூன்று. மருந்துக்கடைக்காரர் அதைக் கையில் வாங்கிச் சுருட்டிப் பார்த்து, "ஏம்மா, ஒண்ணும் போடாத மாதிரி இருக்கணும்னா ஒண்ணும் போடாம ஓடிட்டாப் போச்சு. இதுக்கு ஒரு கம்பெனி, ஒரு மேனேஜர், ஒரு மச்சானா?" என்றார். அவள் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "வெறுங்கால்ல ஓடினா கண்ணாடி குத்தும் சார். இதுல கண்ணாடி கிடக்கிறது காலுக்குத் தெரியும், குத்தாது. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாள். அவர் உடனே ஒரு ஜோடி சொல்லிவைத்தார். இதை அவர் இன்றைக்கும் மறுக்கிறார்.

ஆக, அந்தப் புதன்கிழமை அவள் மூன்று மில்லிமீட்டரோடு ஓட, தெரு சிரித்தது. வியாழனும் சிரித்தது. வெள்ளியன்று நகராட்சிப் பொறியாளர் மட்டக்கோலோடு வந்து, குனிந்து, தட்டி, காதை வைத்துக் கேட்டு, சாலையின் நிலை திருப்தி என்றும் சாலையின் சுபாவம் தம் துறையின் கீழ் வராது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். போகிற போக்கில் ஒன்று சொன்னார்: ஏழு வருடமாக இந்தத் தெருவை டயரும் தடித்த சோலும் தவிர எதுவும் தொட்டதில்லை, அதனால் கூச்சம் இருக்கத்தான் செய்யும். கேட்ட எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது.

கம்பெனிக்கு அது நியாயமாகப் படவில்லை. "ரோடு சிரிக்கிற ஷூவை எந்தக் கடையில வெச்சு விக்கிறது? வாங்கினவன் வீட்டுத் தட்டுக்கெல்லாம் நாம பதில் சொல்றதா?" என்று கேட்டார் மேற்பார்வையாளர். தெரு சிரித்தால் மாதிரி தள்ளுபடி. மாதிரி தள்ளுபடியானால் மேஜை மச்சானுக்கு. இதில் சோல்காரி செய்த தவறு சோல் வெட்டுகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. மாதிரி மேஜைக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஒரு பலகை தொங்கும்: காலைக் குறை சொல்லாதே. ஷூ கடித்தாலும், வழுக்கினாலும், போட்டவர் குப்புற விழுந்தாலும் பிழை சோலில்தான் என்று எடுத்துக்கொண்டு திருத்த வேண்டும் என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். பதினோரு வருடம் அந்தப் பலகைக்கு அடியில் உட்கார்ந்தவள் வேறு எங்கே தேடுவாள்? இரண்டரை மில்லிமீட்டர் வெட்டினாள். தெரு கூடுதலாகச் சிரித்தது. இரண்டு வெட்டினாள், மாடிப்படிக் கைப்பிடி கழன்றது. விரல் பக்கம் அகலம் கொடுத்தாள், பசையை மாற்றினாள், ரப்பரை வெந்நீரில் ஊறவைத்தாள். பேருந்து ஓட்டும் அவள் கணவன் வாயே திறக்காத மனிதன். அவன் தினமும் காலை ஆறிலிருந்து ஆறரை வரை தட்டு அலமாரியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி நிற்கலானான். கல்யாணத்தன்றுகூட அவன் அவ்வளவு உறுதியாக எதையும் பிடித்து நாங்கள் பார்த்ததில்லை.

இரண்டு மாதத்தில் தெரு இரண்டாகப் பிளந்தது. தொட்டிக்குப் போகையில் வலப்பக்கமாக இருக்கும் வீடுகளில் ஆறு பத்துக்குத் தட்டு விழும். எதிர்வரிசையில் ஒரு கரண்டிகூட அசையாது. ஆறு இருபதுக்கு எதிர்வரிசை கலகலக்கும்; இந்த வரிசை நிம்மதியாகப் பல் தேய்க்கும். அவரவர் அலமாரியை அவரவர் ஒழுங்காக மாட்டவில்லை என்று இரு வரிசையும் ஒன்றை ஒன்று குறை சொல்லி, சில வீடுகளில் பேச்சுவார்த்தை நின்றே போயிற்று. அவள் வேறு எங்காவது போய் ஓடட்டும் என்று ஒரு மனு எழுதப்பட்டது. கையெழுத்துப் போடாத வீடு ஒன்றே ஒன்று. அது எதிர்வரிசையில் குடியிருந்த அவளுடைய நாத்தனார் வீடு. பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த அம்மாள் மருத்துவமனையில் முப்பது வருடமாக ஊசி போடுகிற நர்ஸ்; அட்டவணை பார்க்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடமாட்டாள். எந்த வீட்டில், எத்தனை மணிக்கு, என்ன உடைந்தது என்று நோயாளியின் காய்ச்சலைக் குறிப்பது போல நாற்பது நாள் குறித்து வைத்திருந்தாள்.

கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். அங்கே பேசியது எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள் இந்தத் தெருவில் குடியிருந்திருக்க மாட்டார்கள். எங்கள் சுவர்கள் சோல்காரியின் சோலைவிட மெல்லியவை.

"போறப்ப இந்தப் பக்கம் உடையுது, வர்றப்ப எங்க பக்கம் உடையுது. ரெண்டு தடவையும் அது உனக்கு வலப்பக்கம். ரோடு உன் இடது காலுக்குச் சிரிக்கவே இல்லடி."

"ரெண்டு சோலும் ஒரே அளவு அண்ணி. கேஜ் வெச்சுப் பாருங்க."

"சோலை யாரு கேட்டா? நாலு வருஷமா வலது காலைத் தொட்டும் தொடாம வெக்கிற. பஞ்சு வெச்சு அப்படித் துடைச்சா எத்தனை பெரிய ஆம்பளையும் பெட்டுல நெளிவான். அழுத்திப் பிடிச்சா கம்முனு இருப்பான். உனக்குத் தெரியாது, நான் ஆயிரம் இடுப்பப் பார்த்திருக்கேன்."

அடுத்த வார்த்தைக்காகச் சுவரில் அழுத்திச் சாய்ந்திருந்தவர்களுக்குக் காது வலித்தது.

"பயமா இருக்கு அண்ணி."

"இருக்கட்டும். பயத்தோட வை. ஆனா முழுசா வை."

அன்று இரவு சோல்காரி ரப்பர் தாளையும் கத்தியையும் சுருட்டி மேலே வைத்துவிட்டாள். இனிமேல் வெட்ட ஒன்றுமில்லை. மறுநாள் முழுக்க அவள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தபடி இருந்தது. தொம். கொஞ்சம் நின்று, மறுபடி தொம். கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறிப் போய்க் கேட்கலாம் என்று கிளம்பினார். கதவு இடுக்கில் அவள் முகத்தைப் பார்த்ததும் சர்க்கரை கடன் கேட்க வந்ததாகச் சொல்லித் திரும்பிவிட்டார்.

கெடு நாள் காலை பதினோரு மணிக்கு மேலாளர் வந்தார், மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தோடு வந்தார், மச்சான் நாலு அங்குல சோல் போட்டுக்கொண்டு வந்தான். இரு வரிசையிலும் வாசலுக்கு ஓர் ஆள் தட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றோம். மனு எழுதியவர் கையில்தான் தட்டு அதிகம். இரண்டு மில்லிமீட்டர் ஜோடியோடு அவள் கேட்டிலிருந்து புறப்பட்டாள். மருந்துக்கடை வரைக்கும் வந்தபோது வலது கால் பழைய வழக்கப்படி தரையைத் தடவிவிட்டு எழும்பியது. தெரு அதற்கென்றே காத்திருந்தது போல முதல் குலுங்கலைத் தொடங்கியது. எங்கோ ஒரு தட்டு போனது. மச்சான் புன்னகைத்தான். சோல்காரி நிற்கவில்லை. அடுத்த அடியில், கூடத்துச் சுவரில் ஆணி அடிப்பவள் போல, வலது பாதத்தைக் குதிகாலும் விரல்களும் ஓரமும் படிய முழுதாகத் தரையில் வைத்தாள். அதன் மேல் தன் அறுபத்திரண்டு கிலோவையும் வைத்தாள். அடுத்த அடியும் அப்படியே. அதற்கடுத்ததும். தெரு பாதிச் சிரிப்பில் நின்றது. பிறகு, முதுகில் கை வைத்து அழுத்தினால் சிலருக்குத் தோள் தளருமே, அதுபோலத் தார் மெல்லத் தணிந்து கிடந்தது. தொட்டியைச் சுற்றித் திரும்பி அவள் கேட்டைத் தொடும்வரை ஒரு கரண்டி அசையவில்லை. சாக்கடை மூடியின் சூடு, ஒட்டுப்போட்ட இடத்தின் தையல், யாரோ துப்பிய பழக்கொட்டை எல்லாமே வலது காலுக்குத் தெரிந்ததாகப் பின்னால் சொன்னாள். வலித்ததா என்று கேட்டோம். "வலிச்சுது. ஆனா கால் வலிக்கிற மாதிரி வலிச்சுது" என்றாள். மேற்பார்வையாளர் நேரத்தைக் குறித்து, குறிப்பு என்ற இடத்தில் 'சிரிப்பு: ஆரம்பத்தில் மட்டும்' என்று எழுத, மேலாளர் கையெழுத்திட்டார். மச்சான் இப்போது லேஸ் எண்ணுகிறான். நூறுக்கு நூற்றியிரண்டு வருகிறதாம்.

அவள் மேஜைக்குத் திரும்பிய முதல் நாள், 'காலைக் குறை சொல்லாதே' பலகையின் கீழே சாக்பீஸால் 'ஒரு தடவை அதையும் பார்' என்று எழுதினாள். யாரும் இன்னும் அழிக்கவில்லை. அவள் ஷூ நன்றாக விற்றது. எங்கள் தெருவிலேயே பாதிப் பேர் அதுதான் போடுகிறோம், நர்ஸ் அம்மாள் உள்பட. நாத்தனாருக்கென்று ஒரு சலுகை விலை வேண்டும் என்று அந்த அம்மாள் கேட்டு வாங்கினாள். புதிதாகக் குடிவருகிறவர்களிடம் தண்ணீர் வரும் நேரத்தையும் குப்பை வண்டி வரும் நாளையும் சொல்லும்போதே, தெருவில் காலை நன்றாக ஊன்றி வைக்கவும் சொல்லிவிடுகிறோம். போன வருடம் மருந்துக்கடைக்காரரின் பேத்தி நடை பழகினாள். ஒரு கை சுவரில், ஒரு கால் தரையில் பட்டும் படாமலும். நாலு மாதம் தெரு விடாமல் சிரித்தது. நாங்கள் தட்டுகளை அலமாரியிலிருந்து இறக்கித் தரையில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். ஐந்தாம் மாதம் திரும்ப அடுக்கினோம்.