தூசி என்று துடைத்த படகு

1

இந்தக் கதை என் சரக்கு அல்ல. பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் மாடியில் குடியிருக்கும் ஹெலன், துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னது. கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். எழுதுகிறவன் கை சும்மா இருக்குமா?

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஸ்காட்லாந்தின் கடலோரத்தில் பனி மெல்ல…’ (வேண்டாம். மங்களூரைத் தாண்டி நான் கடல் பார்த்ததில்லை.)

2

இஸபெல் மக்ரே, ஸ்காட்லாந்து இயக்குநர். பெயர் நான் வைத்தது. வாழ்நாளில் நான்கே படங்கள். நான்கிலும் யாராவது கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பார்த்தால் தூக்கம் வரும். தூக்கத்திலும் படம் ஓடும். [இந்த வரியை அடிக்க மனமில்லை.]

அவருக்கு வயதான பிறகு, அந்தப் பழைய பிலிம்களைப் புதுப்பிக்கும் வேலை பெங்களூருக்கு வந்தது. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஃப்ரேமாகத் தூசியைத் துடைப்பது ஹெலனின் வேலை. மூன்றாவது படத்தின் கடைசிக் காட்சியில் வெறும் கடல். ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதையும் துடைத்துவிட்டாள்.

3

வீடியோ காலில் அதைப் பார்த்த மக்ரே கேட்டார்: “என் தம்பியின் படகு எங்கே?”

அந்தக் காட்சியை எடுத்த அன்றைக்கு மீன் பிடிக்கப் போன தம்பி திரும்பவே இல்லை. அவனுடையது என்று மிஞ்சியது அந்தப் புள்ளிதான்.

(இங்கே ஹெலன் அழுததாக எழுதியிருந்தேன். படித்துவிட்டு அவள் சொன்னாள்: “நான் எங்கண்ணா அழுதேன்? கை ஜில்லுனு ஆயிடுச்சு, அவ்ளோதான்.”)

மேலாளர் குணசேகர் அவள் காதோரம் சொன்னார்: “ஒரிஜினல் ஸ்கேன் கீதும்மா, டென்ஷன் ஆவாத. ஸ்வல்ப டைம் குடுத்தா திருப்பிப் போட்டுடலாம்.”

மக்ரே மறுபடி ஓட்டச் சொன்னார். படகில்லாத கடலை வெகுநேரம் பார்த்தார்.

“இத்தனை வருஷமும் இந்தக் காட்சியில் அவன் போய்க்கொண்டேதான் இருந்தான். இன்றைக்குத்தான் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கிறது.” பிறகு, “துடைத்தவள் நீதானே? வைக்கலாமா, வேண்டாமா? நீயே சொல். என்னால் முடியவில்லை,” என்றார்.

4

முடிவு ஒன்று: படகைத் திரும்ப வைக்கிறாள். தம்பி மறுபடியும் சாகப் போகிறான்.

முடிவு இரண்டு: வைக்கவில்லை. அப்படி ஒருவன் இருந்ததற்கே அடையாளம் இல்லை.

முடிவு மூன்று: ‘ஹெலன் கண்ணை மூடிக்கொண்டு…’ சீ, சினிமா.

“நீ என்னதான் சொன்னே?” என்று கேட்டேன்.

“நீங்களா இருந்தா இன்னா சொல்லியிருப்பீங்க? அத்த சொல்லுங்க மொதல்ல.”

 இரண்டில் எதைச் சொன்னாலும் பாவமாகத்தான் பட்டது. உங்களுக்குத் தைரியம் இருந்தால் ஒன்றைச் சொல்லுங்கள். ஆனால் என்னிடம் வேண்டாம். அவன் அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.