ஆள் வேறு, அக்கவுண்ட் வேறு

"அந்த அக்கவுண்ட்லேருந்து என் பேரை எடுங்க, பாஸ். இல்லாட்டி மத்த எல்லாரையும் அதுலேருந்து எறக்குங்க."

சொல்லிவிட்டு முதலாளி மெய்யப்பனின் மேசைக்கு முன்னால் நின்றாள் ஜெரால்டின். அவர் உட்காரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டாள். கிள்ளானிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்த கால்கள் வலித்தன. வலித்தால் வலிக்கட்டும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று, ஆள்கணக்கும் விடுப்பும் பார்க்கும் சந்திரகலா அவளைத் தனியே கூப்பிட்டு ஓதிய ஒரே பாடம் இது. "லீவு கேளு, உடம்பு சரியில்லன்னு எம்.சி. கேளு, சம்பளம் ஏத்தச் சொல்லிக்கூடக் கேளு. லாகின் மட்டும் தனியா வேணும்னு கேட்டுடாத லா. நம்ம எல்லாம் ஒரே குடும்பம், எதுக்குத் தனித்தனின்னு பாஸ் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாரு."

குடும்பத்துக்கு ஒரே லாகின். பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சின்ன மென்பொருள் கம்பெனியில் அதுதான் வழக்கம். புது சர்வர் வந்த வாரம் சேர்ந்தவள் என்பதால் அவளைத்தான் முதலில் பதிந்தார்கள். அப்புறம் அவசரம் என்று ஒருவர், பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்று ஒருவர். இப்போது ஆபீஸில் உள்ள அத்தனை பேரும் காலையில் 'ஜெரால்டின்' ஆகித்தான் உள்ளே நுழைகிறார்கள். பாஸ்வேர்டு வெள்ளைப் பலகையில் எழுதியிருக்கிறது, காப்பி ஆர்டருக்குப் பக்கத்தில்.

மெய்யப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்பப் போய் இதையா மா பேசுறது? கிளினிக்காரர் கூப்பிடப் போறாரு. புதுப்பொண்ணு, தெரியாமச் செஞ்சிடுச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். நீ ஒரு சாரி சொன்னாப் போதும்."

"செஞ்சது குரு."

"லாகுல யாரு பேரு இருக்கு?"

அதுதான் விஷயம். யார் எதைச் செய்தார் என்று சிஸ்டம் எழுதிவைக்கும் லாகில் எல்லார் வேலைக்கும் அவள் பெயர்தான். டெங்கில், காஜாங் என்ற இரண்டு ஊர்களிலும் கிளினிக் வைத்திருக்கும் ஒருவருக்கு இவர்கள் சாஃப்ட்வேர் செய்து கொடுத்திருந்தார்கள். டாக்டர் குமுதா இரண்டு இடத்திலும் பார்ப்பவர். போன வாரம் டெங்கிலை விட்டார். அங்கே அவருடைய அக்கவுண்ட்டை மூடச் சொன்னார்கள். முந்தாநாள் மெய்யப்பனின் அக்கா மகன் குரு மூடினான். மூடிய வேகத்தில் காஜாங்கிலும் டாக்டர் காணாமல் போனார். மருந்துச் சீட்டில் பெயர் வரவில்லை. காய்ச்சல் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு தாய்மார் காத்துக் கிடந்தார்கள்.

காணாமல்தான் போவார். எழுதியிருந்த கோடிங் அப்படி. ஜெரால்டின் முதலில் இரண்டு கிளாஸ், அதாவது இரண்டு அச்சு, எழுதியிருந்தாள். ஆளுக்கு ஒன்று, அக்கவுண்ட்டுக்கு ஒன்று. அந்த அச்சில் வார்த்த ஆள் என்ற ஆப்ஜெக்ட்டின் கையில் எத்தனை அக்கவுண்ட் வேண்டுமானாலும் இருக்கலாம். ஒவ்வொரு அக்கவுண்ட்டுக்கும் தான் எந்த இடத்துக்கு, எதைத் திறக்கலாம், யாருடையது என்று தெரியும். ஒன்றை மூடினால் ஆள் அப்படியே இருப்பார். பலகையில் படம் போட்டுக் காட்டினாள். மெய்யப்பன் பார்த்துவிட்டு, "எதுக்கு மா ரெண்டு? யூசர்னு ஒன்னு வை. ஆளும் அக்கவுண்ட்டும் ஒன்னுதானே. சிம்பிளா இருக்கட்டும்," என்றார். குரு ஒரே மாலையில் இரண்டையும் ஒன்றாக்கினான். அதே கோடிங்கைத்தான் ஆபீஸின் சொந்த சிஸ்டத்துக்கும் போட்டார்கள். வேண்டாம் என்று அப்போதே சொன்னாள். போன வாரம் இன்னொரு தடவை சொன்னாள்.

கதவில் சாய்ந்துகொண்டு குரு நின்றான். "என்னா ஜெரி, காலையிலயே சூடா?"

"நீ மூடுன அன்னிக்கு நான் லீவு. அம்மாவோட கிள்ளான் ஆஸ்பத்திரில இருந்தேன்."

"பாத்தியா, நீ லீவுல இருந்தாலும் உன் பேரு வேலைக்கு வருது. லக்கி லா நீ."

அவன் சிரித்தான். அவளுக்குக் கோபம்கூட முழுசாக வரவில்லை. வந்து, பாதியில் களைத்து உட்கார்ந்துவிட்டது.

அவள் அப்பா ரபேல் துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறார். பழைய முதலாளியிடம் ஒரு வழக்கம் இருந்தது. லோரியை எவன் ஓட்டித் தப்புச் செய்தாலும் சம்மன் அப்பா பேருக்குத்தான் வரும். மூத்த டிரைவர், குடும்பம் மாதிரி என்பார்கள். அப்பா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய்க் கோர்ட்டில் நிற்பார். அவள் யுனிவர்சிட்டி பட்டம் வாங்கிய அன்று, "உனக்கு இந்தக் கருமமெல்லாம் இல்ல மா," என்று சொல்லி அழுதார். அந்த வீட்டில் முதல் பட்டம் அது. இப்போது அவளும் அதே வரிசையில்தான் நிற்கிறாள். ஏர்கண்டிஷன் மட்டும் கூடுதல்.

"டாக்டரை நேத்தே பேக்கப்லேருந்து எடுத்துப் போட்டுட்டேன்," என்றாள். "காஜாங்ல எல்லாம் ஓடுது. ஆனா நான் சாரி சொல்ல மாட்டேன். இன்னிக்குச் சொன்னா, என் பேர்ல எவன் என்ன செஞ்சாலும் நான்தான்னு ஆயிடும். நாளைக்கு வேற எங்க போய் வேலை கேட்டாலும் இதான் வந்து நிக்கும்."

"அடுத்த மாசம் உனக்குக் கன்ஃபர்மேஷன், வேலை நிரந்தரமாகப் போவுது." மெய்யப்பனின் குரல் இன்னும் மென்மையாகவே இருந்தது. "யோசிச்சுக்க மா."

"யோசிச்சிட்டேன் பாஸ். நேத்துக் காலையில கலாக்காகிட்ட வேலைய விடுறேன்னு நோட்டீஸ் குடுத்தாச்சு. ப்ரொபேஷன்ல இருக்கிறவளுக்கு ஒரு நாள் போதும்னு நீங்க போட்ட காண்ட்ராக்ட்லதான் இருக்கு."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அப்ப எதுக்கு வந்து கேக்குற?"

"கேக்காமப் போக மனசு வரல."

அது உண்மை. கிடைக்கும் என்று அவள் கேட்கவில்லை. தன் பேர் தன்னுடையது என்ற வார்த்தை இந்த அறையில் ஒரு தடவையாவது சத்தமாக விழ வேண்டும் என்று இருந்தது.

"இன்னொன்னு. கலாக்கா என்னை ஸ்டாஃப் லிஸ்ட்லேருந்து எடுத்தா, ஆள் போகும். ஆள் போனா அக்கவுண்ட்டும் போகும், உங்க டிசைன் அப்படி. போன வாரமே சொன்னேன். மொதல்ல எல்லாருக்கும் தனியா ஒன்னு போட்டுக்குங்க."

மெய்யப்பன் எழுந்த வேகத்தில் நாற்காலி சுவரில் இடித்தது. "கலா! அந்தப் பொண்ணை எடுக்காத! கை வைக்காத!"

வெளியிலிருந்து சந்திரகலாவின் குரல் வந்தது, நிதானமாக. "அப்பவே அமுக்கிட்டேனே பாஸ். ஏன், என்னா?"

யாரோ ஒருவர், "ஏய், என்னை வெளிய தள்ளிருச்சு," என்றார். அப்புறம் இன்னொருவர். குரு தன் மேசைக்கு ஓடி, பலகையில் இருக்கிற பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பத் தட்டினான். திரை அவனை யாரென்று கேட்டுக்கொண்டே இருந்தது.

மேசைமேல் ஃபோன் அடித்தது. கிளினிக்காரர். மெய்யப்பன் ஃபோனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"குருகிட்ட குடுங்க," என்றாள்.

பையை எடுத்துத் தோளில் போட்டாள். வாசல் பக்கத்து மேசையில் சந்திரகலா தலையைத் தூக்காமல், "பாத்துப் போ லா," என்றாள். தாளிப்பு வாசம் ஏறிக்கொண்டிருந்த மாடிப்படியில் ஜெரால்டின் இறங்கினாள். மேலே ஃபோன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.