களவெட்டியில் சொல்லக் கூடாத சொல்

அபுல் ஹஸன் போடியார் சுவரைப் பார்த்துப் படுத்து அன்றோடு நாலு மாதம். இவ்வளவு காலம் ஒரே ஆள் முறைத்துப் பார்த்ததில் அந்தச் சுவருக்கே வெட்கம் வந்து சுண்ணாம்பு உதிரத் தொடங்கிவிட்டது என்று சாய்ந்தமருதில் பேச்சு. அவர் ஒரு பெருமூச்சு விட்டால் மூன்றாம் வளவில் காயப்போட்ட சாரன் கொடியை விட்டு இறங்கும். இரண்டு விட்டால் கல்முனை பஸ் வேகத்தைக் குறைத்து, என்ன ஏது என்று விசாரித்துவிட்டுத்தான் போகும்.

இத்தனைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அதைத்தான் ஊரால் தாங்க முடியவில்லை. வீட்டில் ஒரு மௌத்து, ஒரு சாவு விழவில்லை. கல்லோயா அணைத் தண்ணீர் வந்து நாலாம் வருடம். நாவிதன்வெளியில் அவருடைய பெரிய வயல் இரண்டு போகமும் விளைந்து கிடந்தது. ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டுப் படுத்திருந்தால் ஊர் மன்னித்திருக்கும். காரணமே இல்லாமல் ஒரு மனிதர் உள்ளுக்குள் இருண்டு போனால் யார் என்னத்தை விசாரிப்பது?

ஒரு காலத்தில் அவர் வயலில் நின்று கூப்பிட்டால் நற்பிட்டிமுனையில் மாடு திரும்பிப் பார்க்கும். அந்தத் தொண்டையில் இப்போது மூன்று சொற்கள்தான் மீதி. சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால், "இல்ல." வயலுக்கு வருகிறீர்களா என்றால், "போச்சு." உடம்பு எப்படி என்றால், "முடிஞ்சி."

இந்த மூன்றையும் நாள்தோறும் கேட்டுக்கொண்டு நின்றவன் சீனிமுகம்மது. அவன் போடியாரின் முல்லைக்காரன். வயலுக்கும் வேலையாட்களுக்கும் பொறுப்பு. இருபது வருடப் பழக்கம். நுளம்புக் காய்ச்சலில் அவன் பாயோடு பாயாகக் கிடந்த காலத்தில் பக்கத்திலிருந்து கஞ்சி பருக்கியவர் இந்தப் போடியார்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஸைனுலாப்தீன் வந்தார். போடியாரின் மனைவி ஜுனைதாவின் அண்ணன், கல்முனைக் கடைத்தெருவில் புடவை வியாபாரி. அவர் காலில் மாட்டியிருந்த சப்பாத்தின் பளபளப்பில் பார்த்துச் சவரம் செய்யலாம்.

"இன்னும் ஒரு கிழம. அடுத்த வெள்ளி கார் கொண்டு வாறன். மட்டக்களப்பில ரயில் ஏத்தி கொழும்புப் பைத்தியாஸ்பத்திரில விட்டுட்டு வந்திருவன்."

"காக்கா, அவர் பைத்தியமில்ல," என்றாள் ஜுனைதா. "அங்க போய்க் கிடந்தாரெண்டா கிறுகி வர மாட்டார். எனக்குத் தெரியும்."

"மறுகா என்ன செய்யச் சொல்றாய்? அப்போதிக்கரி குடுத்த குளிசைய விழுங்கிப்போட்டு இரவும் பகலும் உறங்குறார். ஒழும்பினா சுவரு. சுவருக்கும் உறக்கத்துக்கும் நடுவில ஒரு மனிசன் எத்தின நாளைக்கு இரிக்கிற?"

அவர் போனதும் சீனிமுகம்மது நற்பிட்டிமுனைக்கு ஓடித் தங்கராசாப் பரிசாரியாரைக் கையோடு கூட்டிவந்தான். பரிசாரியார் நாடி பிடித்த நேரத்தில் ஒரு மூட்டை நெல்லைக் குத்திப் புடைத்து முடித்திருக்கலாம். கையை விட்டதும் சொன்னார்:

"உறங்காத ஆளுக்கு உறக்கக் குளிசை சரி. இவர் உறக்கத்துக்குள்ளயே குடியிருக்கிறார். காலையில வல்லாரைக் கஞ்சி, மத்தியானம் வல்லாரைச் சம்பல், தலைக்கு நான் தாற எண்ணெய். வெயில் படோணும். வேர்க்கோணும். நாலு பேர்ர சத்தத்துக்குள்ள இருக்கோணும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆளைத் தனிய விட்டிராதங்க. கிணத்தடியில, வாய்க்கால் கரையில, ஒரு கண்ணிமைக்கிற நேரமும் விடப்படாது."

"அப்ப குளிசையத் தூக்கி எறியவா?" என்றாள் ஜுனைதா.

"எறியாத புள்ள. நான் இலைக்கும் வேருக்கும் பொறுப்பு. குளிசைக்குப் பொறுப்பானவரக் கேளு."

சீனிமுகம்மது ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அங்கே மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். இன்று பாதி, பிறகு அதில் பாதி என்று குறைத்துப் பார்க்கலாம், வருத்தம் கூடிப்போனால் அன்றைக்கே தன்னிடம் கொண்டு வரவேண்டும் என்றார். ஸைனுலாப்தீன் சொன்ன ஒரு கிழமைதான் தவணை.

"வயல்ல இப்ப என்ன நடக்குது?" என்று திரும்பி வந்தவனிடம் பரிசாரியார் கேட்டார்.

"நாளைக்குச் சூடுமிதிப்புத் தொடங்குது," என்று சொன்ன பிறகுதான் சீனிமுகம்மதுவுக்குத் தான் என்ன சொன்னோம் என்று விளங்கியது.

கதிரை எருமை மிதித்து நெல்லாக்கும் களவெட்டிக்கு ஒரு சட்டம் இருந்தது. அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது. போச்சு என்று சொல்லக் கூடாது. முடிந்தது என்று மூச்சும் விடக் கூடாது. தண்ணீர்ப் பானை காலியானால், "தண்ணி பெருகிட்டு" என்றுதான் சொல்ல வேண்டும். வாய் திறந்தால் பொலி, பொலி; பெருகட்டும், பெருகட்டும் என்று. ஒரு கெட்ட சொல் விழுந்தால் குவியலின் அடியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கைகள் நெல்லை அள்ளிக்கொண்டு போகும். பத்து வருடத்துக்கு முன் யாரோ ஒருவன் போதாது என்ற பொருளில் "காணாது" என்று வாய் தவறிச் சொல்ல, நாற்பது மூட்டைக் குவியல் எல்லாரும் பார்த்திருக்கக் கோழிக்கூடு அளவுக்குச் சுருங்கியதைச் சீனிமுகம்மது தன் இரண்டு கண்ணாலும் கண்டவன். அன்று அவன் ஊரில் இருக்கவில்லை என்று சிலர் சொல்வார்கள். அதனால் என்ன? கண்டான்.

அந்தக் களவெட்டிக்குத்தான் மூன்றே மூன்று சொல் மட்டும் மிஞ்சிய மனிதரைக் கொண்டுபோக வேண்டும்.

"நான் அங்க கால் வைக்கப்படாது, சீனிக்காக்கா," என்றாள் ஜுனைதா. பெண்கள் களவெட்டி மிதிப்பது வழக்கமில்லை. "நீங்கதான் பாக்கோணும்."

சனிக்கிழமை போடியாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வரம்பில் இருத்தினார்கள். வேலையாட்கள் ஒன்பது பேரும் இடியைப் பார்ப்பதுபோல அவர் வாயைப் பார்த்தார்கள்.

"முல்லைக்காரர்," என்றான் ஜவுபர். எருமையை ஓட்டிச் சாய்ப்பதில் கெட்டிக்காரன், வாயும் கொஞ்சம் நீளம். "இவர் ஒரு சொல் சொன்னாரெண்டா நாங்க ஒம்பது பேரும் அப்பிடியே நடப்பம். எங்கட கூலியும் அந்தக் குவியலுக்குள்ளதான் இரிக்கி."

"சொல்ல மாட்டார்."

"எப்பிடித் தெரியும்?"

சீனிமுகம்மது மடியைத் தட்டிக் காட்டினான். மடி நிறைய வெற்றிலை.

போடியாரின் உதடு அசையும்போதெல்லாம் அவன் பாய்ந்து போய் ஒரு சுருளை உள்ளே தள்ளினான். பெருமூச்சுக்கு ஒரு சுருள், கொட்டாவிக்கு ஒரு சுருள், தும்மலுக்கு இரண்டு. மாலைக்குள் போடியார் மென்ற வெற்றிலையில் இரண்டு கலியாணம் முடித்திருக்கலாம். சிவந்த வாயோடு, கஞ்சியும் எண்ணெயும் மணக்க, எதையும் பார்க்காத கண்ணோடு அவர் இருந்தார். சீனிமுகம்மதுவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் ஓர் எருமை கட்டை அறுத்துக்கொண்டது. சீனிமுகம்மது அதைப் பிடித்துக் கட்டிவிட்டுத் திரும்பினான். வரம்பில் பாதி மென்ற வெற்றிலை கிடந்தது. போடியார் இல்லை.

அவன் வாய்க்கால் பக்கம் ஓடினான். கல்லோயாத் தண்ணீர் கரை முட்டப் போய்க்கொண்டிருந்தது. அதன் நடுவில், நெஞ்சளவு தண்ணீரில், போடியார் நின்றார். குனிந்து தண்ணீரைப் பார்த்தபடி இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தார்.

சீனிமுகம்மது சேர்ட்டோடு குதித்தான். பக்கத்தில் போய் நின்றுகொண்டான். நெஞ்சு அடித்த அடியில் தண்ணீர் அலை எடுத்தது.

"என்னத்துக்கு வந்தாய்?" என்றார் போடியார்.

"குளிக்க."

"சேட்டோடயா?"

"அவசரம்."

தண்ணீர் இருவரையும் தள்ளிப் பார்த்தது. போடியார் தன் நெஞ்சில் கை வைத்தார்.

"இதுக்குள்ள வெறும் இருட்டுத்தாண்டா சீனி. ஏனெண்டும் தெரியல்ல. காரணம் ஒண்டு இருந்தா அடிச்சி விரட்டியிருப்பன்."

நாலு மாதத்தில் அவர் பேசிய முதல் நீளமான பேச்சு அது. சீனிமுகம்மது கையை நீட்டினான்.

"எனக்குக் காரணம் வேணாம் போடியார். கையத் தாங்க."

வெகு நேரம் கழித்துத்தான் கை வந்தது.

கரையேறியதும் சீனிமுகம்மது தன் சால்வையின் ஒரு முனையைத் தன் இடுப்பிலும் மறுமுனையைப் போடியாரின் இடுப்பிலும் முடிந்தான். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. எருமைகளைக் கழுத்தோடு கழுத்தாகப் பிணைத்து வட்டம் சுற்றவிட, அவற்றின் பின்னால் இவர்கள் இருவரும் இடுப்போடு இடுப்பாகச் சுற்றினார்கள்.

"பிணைச்சல் சரியா அமைஞ்சிரிக்கி," என்றான் ஜவுபர். "எது கிழட்டு மாடு எண்டுதான் விளங்குதில்..." கடைசி எழுத்தைக் கடித்து விழுங்கிவிட்டு, "விளங்கி வருது!" என்றான். சீனிமுகம்மதுவின் பார்வையில் அவன் மீசை கருகியது.

அடுத்த இரண்டு நாளில் போடியாரின் முதுகிலிருந்து வழிந்த வேர்வையில் ஒரு பூவல் கிணறு தோண்டாமல் நிறைந்திருக்கும். புதன் மத்தியானம் வல்லாரைச் சம்பலில் உப்புக் கூட என்று சொல்வதுபோல் முகத்தைச் சுளித்தார். அன்றே ஜுனைதாவுக்குச் செய்தி போனது. அவள் சம்பலில் உப்பைக் குறைத்து, அழுது, அந்தக் குறையை நிரப்பி அனுப்பினாள்.

வியாழக்கிழமை வெற்றிலை பெருகிவிட்டது. அதாவது மடி காலி. அந்த நேரம் பார்த்துத்தான் ஜவுபருக்கு மரியாதை பொங்கியது.

"போடியார், எப்பிடி இரிக்கிறயள்?"

போடியாரின் உதடு திறந்தது. சீனிமுகம்மதுவின் கை வெறும் மடியைத் துழாவியது. எருமைகள் கூட நின்றுவிட்டன. போடியார் குவியலைப் பார்த்தார், ஒன்பது பேரையும் பார்த்தார், சொல்லைத் தேடினார்.

"கவலை..." என்றார். "கவலை பொலியுது."

ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சட்டப்படி அது நல்ல சொல்தானே? பிறகு ஜவுபர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வைக்கோலில் விழுந்தான். மற்றவர்களும் விழுந்தார்கள். போடியாரின் உதட்டு ஓரம் நெல்மணி அளவு அசைந்தது. சீனிமுகம்மது மட்டும் சிரிக்கவில்லை. நாளைக்கு வெள்ளி. நெல்மணி அளவு அசைவைக் காட்டி ஸைனுலாப்தீனை நிறுத்த முடியுமா?

ஜும்ஆ முடிந்து திரும்பிக் கச்சான் காற்றுக்குக் காத்திருந்தார்கள். தூற்றுவதற்குக் காற்று வேண்டும். இலை அசையவில்லை. நடுவில் மலைபோல் பொலிக் குவியல். அதில் ஏறிப் பார்த்தால் கொழும்பு தெரியும் என்பது மிகை, மட்டக்களப்பு தெரியும். போடியார் பேசாமல் இருந்தார். காலையிலிருந்தே கண்ணில் அந்தப் பழைய மூட்டம். கார்ச் சத்தம் கேட்டதும் சீனிமுகம்மது சால்வை முடிச்சை இறுக்கினான்.

ஒஸ்டின் கார் மண்ரோட்டில் நின்றது. ஸைனுலாப்தீன் இறங்கி, வரம்பால் வந்து, சப்பாத்துக் காலோடு நேரே களவெட்டிக்குள் ஏறினார். வேலையாட்கள் பதறி எழுந்தார்கள்.

"முதலாளி, சப்பாத்து..." என்று தொடங்கினான் சீனிமுகம்மது.

"விடு சீனி. மச்சான் இரிக்கிற இரிப்பப் பாத்தாலே தெரியுது." அவர் குனிந்து போடியாரின் தோளைத் தொட்டார். "மச்சான், இனி இஞ்ச ஒண்டுமில்ல. போச்சு. எல்லாம் முடிஞ்சி. ஒழும்புங்க, போவம்."

மூன்று சொல்லும், ஒன்றன்பின் ஒன்றாக, குவியலின் தலைமாட்டில் நின்று.

ஜவுபர் கையிலிருந்த கம்பைக் கீழே போட்டான். ஒருவன் காதைப் பொத்தினான். சீனிமுகம்மது கண்ணை மூடிக்கொண்டு நெல் சுருங்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தான். அப்போது அவன் இடுப்பு ஒரு இழுப்பு இழுபட்டது. சால்வையின் மறுமுனை எழுந்து நின்றது.

"மச்சான்!"

நற்பிட்டிமுனையில் மாடு திரும்பியிருக்கும். கார்ச் சாரதி பயத்தில் ஹோர்னை அமுக்கிவிட்டான்.

"ஆர்ர களவெட்டில நிண்டு என்ன சொல் சொன்னாய்? இந்த ஒம்பது பேர்ர சோத்துக்கு மேல நிண்டு என்ன சொல் சொன்னாய்? கழட்டு சப்பாத்த!"

ஸைனுலாப்தீன் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்.

"இப்ப சொல்லு."

"என்னத்த?"

"பொலி எண்டு சொல்லு!"

"பொ... பொலி."

"குவியலுக்குக் கேக்கோணும்!"

"பொலி! பொலி!" என்று கல்முனைப் புடவை வியாபாரி மேஸ் காலுறையோடு நின்று கத்தினார். ஒன்பது பேரும் சேர்ந்து கத்தினார்கள். போடியார் ஒரு சுளகை எடுத்து மச்சானின் கையில் திணித்தார். அசர் தொழுகை நேரத்துக்குக் காற்று வந்தது. அந்தக் குரல் கேட்டுத்தான் வந்தது என்று வேலையாட்கள் இன்றைக்கும் சத்தியம் செய்வார்கள். கச்சான் தினமும் அந்த நேரத்துக்குத்தான் வரும் என்று சீனிமுகம்மதுவுக்குத் தெரியும், அவன் சொல்லவில்லை.

பொழுது சாயும்போது உமி படிந்த தலையோடு ஸைனுலாப்தீன் காரருகே நின்றார்.

"இவருக்கு ஒண்டும்..." என்று தொடங்கி, திடுக்கிட்டு, "சுகம் பொலிஞ்சிரிக்கி," என்று முடித்தார். பிறகு மெல்ல, "ஆனா மறுகாவும் படுத்தா, மச்சான்?"

"படுப்பன்," என்றார் போடியார். குரல் பழையபடி தாழ்ந்திருந்தது. "படுத்தா ஒழுப்புங்க."

கார் வெறுமையாகத் திரும்பியது.

சூடுமிதிப்பு ஓய்ந்த மறுநாள் காலை, போடியார் வீட்டுக்குச் சீனிமுகம்மது வெற்றிலையோடு வந்தான். ஜுனைதா வாசலில் நின்றாள். உள்ளே கையைக் காட்டினாள். போடியார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"போடியார்."

வல்லாரைக் கஞ்சி தொடாமல் ஆறிக்கொண்டிருந்தது.

சீனிமுகம்மது பாயின் ஓரத்தில் இருந்தான். சால்வையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான். சுவரை அவனும் பார்த்தான். வெயில் முற்றத்திலிருந்து படிக்கு வந்து, படியிலிருந்து பாய்க்கு வந்தது. அவன் எழுந்து போகவில்லை.

அப்போது, முகம் திரும்பாமலே, ஒரு கை பின்பக்கமாக நீண்டு வெற்றிலைக்கு விரிந்தது.