அன்றைக்கு என்ன விலை

"கண்ணாடி எதுக்குங்க இப்ப? கழட்டிடுங்க" என்று பின்னாலிருந்து யாரோ ஒரு பெண் சொன்னாள்.

ரொட்டிக்கடைக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனைவியின் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திருப்தி வராமல் இன்னொரு முறை துடைத்தார். அவள் காதோரத்து முடியை ஒதுக்கி மாட்டினார். ஒரு பக்கம் கொஞ்சம் ஏறி நின்றது. அதையும் சரிசெய்தார்.

"கண்ணாடி இல்லாம அவளுக்கு விலை தெரியாது" என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று கூடத்தில் யாருக்கும் புரியவில்லை. உறவுக்காரர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயரே மார்க்கெட் என்பதுதான். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் பங்குச் சந்தை திறந்த பிறகுதான் அடுப்பைத் திரும்பிப் பார்ப்பாள். சம்பந்தம் பேசப் போகும் இடத்தில் விசாரிப்பதைப் போல ஒவ்வொரு கம்பெனியையும் விசாரிப்பாள். பழைய வருடங்களின் விலையை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு, எந்த வருடம் விழுந்தது, விழுந்தது எப்போது எழுந்தது என்று பார்ப்பாள். "நல்ல காலத்துல எல்லாக் கம்பெனியும் யோக்கியம்தாங்க. கெட்ட வருஷத்துல எப்படி நடந்துக்கிச்சுன்னு பாக்கணும்" என்பாள். அவர் கொட்டாவி விடுவார். நேற்று மதியம், கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்துவிட்டாள்.

வாசலில் சுடுகாட்டுக்குப் போகும் வண்டி வந்து நின்றது. அதே நேரம் அவர் தோளில் ஒரு கை விழுந்தது. மனைவியின் தம்பி. டயர் கடை வைத்திருப்பதால் ஊருக்கெல்லாம் அவர் டயர். இவருக்கு மட்டும் மாப்ளே.

"அத்தான், ஒரு நிமிஷம் உள்ள வாங்க."

சமையலறையில் கடைப் பையன்கள் கொண்டுவந்து இறக்கிய ரொட்டி தட்டுத்தட்டாக இருந்தது. டீயோடு கொடுப்பதற்காக வெட்டி அடுக்கியிருந்தார்கள். டயர் கதவைச் சாத்திவிட்டுப் போனை நீட்டினார்.

"பதினஞ்சு வருஷம் முன்னாடி அக்கா எனக்கு அந்தப் பெயின்ட் கம்பெனி பங்கு வாங்கிக் குடுத்தாளே, ஞாபகம் இருக்கா? நூறு பங்கு. ஒண்ணு எண்ணூத்தி இருபதுன்னு சொல்லி வாங்கினா. நான் பணம் எண்ணிக் குடுத்தேன்."

"ஆமா."

"இதைப் பாருங்க. அதே வருஷம், அதே மாசம், அதே தேதி. என்ன விலை போட்டிருக்கு?"

ரொட்டிக்கடைக்காரர் பார்த்தார். எண்பத்திரண்டு என்று போட்டிருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாலும் எண்பத்திரண்டுதான்.

"அதுக்கு?"

"அதுக்கா? ஒண்ணுக்குப் பத்தா வாங்கியிருக்கா அத்தான். அக்கா மேல எனக்குக் கோபமில்லை, செத்தவளைப் பத்தி நான் பேச வரலை. நமக்குள்ளயே முடிச்சுக்கலாம். அவ கணக்குல அதே கம்பெனி பங்கு கொஞ்சம் கிடக்குதில்ல, அதை என் பேருக்கு மாத்திக் குடுத்துடுங்க. வெளிய மூச்சு விட மாட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் ரொட்டிக்கடைக்காரருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மூச்சு விட மாட்டானாம். காலையிலிருந்து டயரின் மனைவி கூடத்துப் பெண்களோடு குசுகுசுத்ததும், அவர்கள் இவர் மகளை ஒரு மாதிரி பார்த்ததும் இப்போது விளங்கியது. விஷயம் ஏற்கெனவே ஊர் சுற்றி வந்துவிட்டது. இனி மிச்சமிருப்பது வண்டி ஒன்றுதான். அவள் அதில் ஏறிவிட்டால், திருடி என்ற பெயரையும் கூடவே ஏற்றி அனுப்பியதாகிவிடும்.

"இது தப்பு" என்றார்.

"போன் பொய் சொல்லுமா அத்தான்?"

"சொல்லுதோ என்னவோ. என் பொண்டாட்டி சொல்ல மாட்டா."

கதவைத் திறந்துகொண்டு நேரே வாசலுக்குப் போனார். வண்டிக்காரர் இன்ஜினை ஓடவிட்டபடி நின்றிருந்தார்.

"அணைச்சிடுங்க. கொஞ்சம் நேரமாகும்."

"ஐயா, எனக்கு அடுத்து ஒரு இடம்..."

"அவங்களை வெயிட் பண்ணச் சொல்லுங்க. அவங்களுக்கும் இனிமே என்ன அவசரம்?"

கூடத்துக்குத் திரும்பினார். அழுகை நின்றுபோய் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். மனைவியின் தலைமாட்டில் போய் நின்றுகொண்டார்.

"என் பொண்டாட்டி கூடப் பொறந்தவனையே ஏமாத்தினான்னு இங்க ஒரு பேச்சு நடக்குது. குசுகுசுன்னு வேணாம். அவ எதிர்ல பேசுவோம். இது முடியாம அவ இந்த வாசலைத் தாண்ட மாட்டா."

மகள் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அப்பா, இப்ப வேணாம்பா. அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம்னா அவ இருக்க மாட்டாளேம்மா."

டயருக்கு முகம் கறுத்துவிட்டது. இருந்தாலும் வியாபாரி, கூட்டத்தில் பின்வாங்கிப் பழக்கமில்லை. போனை நாலு பேருக்குக் காட்டினார். வாங்கிப் பார்த்தவர்கள் தலையை ஆட்டினார்கள். கம்பெனியே போட்டு வைத்த பழைய விலை. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ரொட்டிக்கடைக்காரரிடம் இருந்த சாட்சி வாசலில் கிடந்தது. அந்தப் பங்கை வாங்கிய அன்றுதான் அவர் கறுப்பு ஷூ ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். விலை எண்ணூற்று இருபது. அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "ஒரு பங்கைக் காலில மாட்டிக்கிட்டு வந்து நிக்கிறீங்களே" என்று ஒரு பிடி பிடித்தாள். அன்றிலிருந்து அந்த ஷூவுக்கு வீட்டில் பெயர் பங்கு. "பங்கைக் கழட்டி வெளிய விடுங்க" என்று பதினைந்து வருடமாகக் கத்தினாள். அடியை மூன்று தடவை மாற்றியும் அவர் அதை விடவில்லை. இதை எடுத்துச் சொன்னார். சொன்னபோது அவருக்கே குரல் இறங்கியது. ஷூவைக் காட்டினால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

"அத்தான், செருப்புக்கடை விலையைக் கொண்டுவந்து பங்கு விலைன்னா எப்படி?" என்றார் டயர். ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார்.

அந்த இருமல் அவரைச் சுட்டது. அவளாக இருந்தால் ஒரு வார்த்தையில் மடக்கியிருப்பாள். அவள் வாயைப் பார்த்தார். மூடியிருந்தது. எத்தனை நாள் எத்தனை தடவை சொன்னாள், ஒன்றையாவது ஒழுங்காகக் காதில் வாங்கினோமா என்று தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது. பார்வை எங்கெங்கோ போய்ச் சமையலறைக் கதவு வழியே ரொட்டித் தட்டில் நின்றது.

சில வருடம் முன்பு ஒரு நாள் காலை அவர் கடையில் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தார். யாரோ சொன்னதைக் கேட்டுப் பதறிப்போய், "உன் பெயின்ட் கம்பெனி கவுந்துடுச்சாம்டி, ராத்திரியோட ராத்திரியா விலை பத்துல ஒண்ணா ஆயிடுச்சாம்" என்றார். அவள் கல்லாவில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். எழுந்து வந்து, அவர் வெட்டிய ரொட்டியை விரலால் தட்டினாள். முழு ரொட்டிக்கு ஒரு விலை. பத்துத் துண்டாகப் போட்டால் துண்டுக்கு ஒரு விலை. ரொட்டி குறைந்ததா, கூடியதா? இரண்டும் இல்லை. கத்திதான் நடுவில் வந்தது.

"மாப்ளே" என்றார். "இப்ப உன் கணக்குல எத்தனை பங்கு இருக்கு?"

"ஆயிரம்."

"அவ எத்தனை வாங்கிக் குடுத்தா?"

"நூறு. அதான் சொன்னேனே."

"மீதி தொள்ளாயிரம் எங்கேருந்து வந்துச்சு?"

"அது... கம்பெனி நடுவுல சும்மா குடுத்துச்சு. அக்காதான் போன் பண்ணிச் சொன்னா."

"நீ கடை முழுக்க ஸ்வீட் குடுத்தியே, அந்தத் தடவையா?"

"ஆமா."

"சும்மா ஒருத்தனும் தர மாட்டான் மாப்ளே. நீ டயர் சும்மா தருவியா? ஒரு பங்கைப் பத்தா வெட்டினாங்க. நூறு ஆயிரமாச்சு, விலை பத்துல ஒண்ணாச்சு. வெட்டினதுக்கப்புறம் உன் போன் பழைய விலையையும் துண்டுக் கணக்குல மாத்திப் போட்டிருக்கு. முழு ரொட்டி வித்த நாளைக்குத் துண்டு என்ன விலைன்னு கேட்டா என்ன சொல்லும்? எண்பத்திரண்டுன்னுதான் சொல்லும். பத்துத் துண்டைச் சேர்த்துப் பாரு."

மகள் டயரின் கையிலிருந்து போனை மெல்ல வாங்கினாள். பழைய விலைகளைக் கீழே தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இங்க சின்னதா ஒரு குறி இருக்குப்பா. பங்குப் பிரிப்புன்னு போட்டிருக்கு. ஒண்ணுக்குப் பத்து" என்றாள். "மாமா, நீங்க இதைப் பாக்கலையா?"

"பாத்தேன்" என்றார் டயர். "என்னமோன்னு விட்டுட்டேன்."

கூட்டத்தில் மெல்லிய சலசலப்பு. யாரோ, "சரி, சரி, நேரமாச்சு, எடுக்கலாம்" என்றார். இரண்டு பேர் குனிந்து கட்டிலில் கை வைத்தார்கள்.

"கையை எடுங்க" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"இன்னும் என்ன அத்தான்? அதான் தெரிஞ்சிருச்சே."

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். சமையலறைக்குள்ள வெச்சு சொன்னதை வேணும்னா நீ சமையலறையிலயே வாபஸ் வாங்கலாம். கூடத்துல பரவினதைக் கூடத்துலதான் வாங்கணும். அவகிட்ட சொல்லு. சத்தமா."

டயர் தன் மனைவியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் முகத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, அந்தக் கண்ணாடியைப் பார்த்தார்.

"அக்கா எண்ணூத்தி இருபதுக்குத்தான் வாங்கினா" என்றார். "ஒரு பைசா கூட எடுக்கலை. நான்தான்..."

ரொட்டிக்கடைக்காரர் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு தலையசைத்தார். நாலு பேர் தூக்கினார்கள். தலைப்பக்கம் டயர் தோள் கொடுத்தார்.

வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். வாசலில் ஊர்ப்பட்ட செருப்பு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தது. அதுவரை விறைப்பாக நின்ற ரொட்டிக்கடைக்காரருக்கு இப்போது எல்லாம் கலங்கித் தெரிந்தது. கறுப்பு எது, பழுப்பு எது என்றே பிடிபடவில்லை. பார்வைக்கு வராத ஷூவைக் காலால் துழாவினார். வண்டிக்காரர் இன்ஜினைக் கிளப்பினார்.

டயர் திரும்பி வந்தார். குனிந்து, குவியலைக் கையால் விலக்கி, அடி மாற்றிய அந்தக் கறுப்பு ஷூ இரண்டையும் எடுத்தார். உள்ளங்கையால் தூசியைத் தட்டி அவர் காலடியில் ஜோடியாக வைத்தார்.

ரொட்டிக்கடைக்காரர் மாப்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு இடது காலை நுழைத்தார். குதிகாலில் தோல் மடிந்து உள்ளே போய்விட்டது. டயர் விரலை விட்டு அதை நிமிர்த்திவிட்டார்.